சுண்ணாம்புக் கோடு

ஒரு ஆட்டத்துக்கு எண்ணூறு.
இன்றைக்கு நாலு ஆட்டம்.
போன வருடம் மே மாதம் ஊதிய விசிலுக்கு
நவம்பர் மழையில் நனைந்தபடி வந்தது காசோலை.
யோகமலர் அதில் யோகமலா ஆகியிருந்தாள்.
வங்கியில் திருப்பிவிட்டார்கள்.
மறுகா ஜனவரி.

ஆரையம்பதியில் ஐந்தே முக்காலுக்கு பஸ்.
மடியில் பை. பைக்குள்
பச்சை அட்டை, மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை,
ஒரு போத்தல் தேசிக்காய்த் தண்ணீர்,
கொழும்பில் சொல்லி எடுப்பித்த விசில்,
மூவாயிரத்து எண்ணூறு.
தன் விலையைத் தானே உழைத்து முடிக்க
அதற்கு ஐந்து ஆட்டம் வேண்டும்.
சப்பாத்துக் கணக்கை நான் எடுக்கவில்லை.

கல்லடிச் சந்தியில் பொலிஸ்காரர் விசில் ஊத
என் கை தானாக உயர்ந்தது.
பக்கத்து சீற்றில் இருந்தவர்
இறங்கப்போகிறேன் என்று நினைத்து வழிவிட்டார்.

கிழமை நாட்களில் மருந்துக்கடையில் நிற்கிறேன்.
டொக்டர் எழுதியது விளங்காவிட்டால்
போன் எடுத்துக் கேட்கலாம் அங்கே.
இங்கே ஒரு நொடி.
விளங்கினாலும் விளங்காவிட்டாலும் ஊதவேண்டும்,
ஊதினபிறகு
விளங்கினவள்போல் நிற்கவேண்டும்.

செங்கலடி மைதானம்.
புல் என்று சொல்ல ஓரத்தில் கொஞ்சம்,
நடுவில் மணல், மாட்டுக் குளம்படி.
கோடு போட்டது முஸம்மில் சேர்,
மற்றப் பாதிக்கு நடுவர்.
ஏறாவூரிலிருந்து சைக்கிளில்
சுண்ணாம்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.
இந்தக் காசை யார் தருவது என்று கேட்டேன்.
"அல்லாஹ் தருவான், கந்தோர் தராது"
என்றார், சிரிக்காமல்.

பகல் பார்சலில் எங்களுக்கு அரை முட்டை.
மற்றப் பாதி
பக்கத்துப் பார்சலில் இருந்திருக்கும்.

மூன்றாம் ஆட்டத்தில்
மதிலில் ஏறி இருந்தவன் என்னை அறிந்துகொண்டான்.
"ஓய் மருந்துக்கடை,
கண்ணுக்கு ரெண்டு சொட்டு விட்டுப்போட்டு வா!"
மைதானம் முழுக்கச் சிரித்தது.
எனக்கும் சிரிப்பு வந்தது.
விசில் வாயில் இருந்ததால்
தப்பினேன்.

கடைசி ஆட்டம், பெண்பிள்ளைகள்.
கோல் இல்லை, இரண்டு நிமிடம் மிச்சம்.
பதினொராம் நம்பர் பிள்ளை
சாய்ந்து, விழுந்துகொண்டே அடித்தாள்.
பின்பலகை 'டம்' என்றது.
தலைக்கவசத்தைக் கழற்றிய கோல் கீப்பர்
"மிஸ், வட்டத்துக்கு வெளியிலயிருந்து மிஸ்" என்றாள்.
வட்டத்தைத் தேடினேன்.
வட்டம் இல்லை.
வெறும் மணல், சப்பாத்துத் தடங்கள்,
வாவிப் பக்கமிருந்து வந்த காற்று.
முஸம்மில் சேரைப் பார்த்தேன்.
அவர் தூரத்தில், வெயிலில்,
கைகளை விரித்தார். உன் பக்கம், உன் முடிவு.
நான்
நடுக்கோட்டைக் காட்டினேன்.

முடிந்ததும் அந்தப் பிள்ளை வரிசையில் வந்து
வியர்வையில் ஊறிய கையுறையோடு
கை தந்தாள். "தேங்க்யூ மிஸ்."
பழக்கிவிட்டிருக்கிறார்கள்.
என் கை வீடுவரை
ஈரமாகவே இருந்தது.

புவிராஜ் வவுச்சர் மூன்று பிரதி நீட்டினார்.
'ஆற்றிய சேவை' என்று ஒரு கட்டம்.
நடுவர் என்று மூன்று தரம் எழுதினேன்.
"பஸ் டிக்கட் இணைக்கணும்" என்றார்.
டிக்கட்டில்தான்
அந்த ஆட்டத்தின் நேரத்தைக் குறித்திருந்தேன்.
கொடுக்க மனமில்லை.

இரவு வாசலில் இருந்து சப்பாத்தைக் கழற்றினேன்.
வலது அடியில், பள்ளங்கள் முழுக்க,
இறுகிப்போய்
வெள்ளை.
மணலும் காற்றும் இல்லை.
நான்தான் நின்றிருக்கிறேன் அதன்மேல்,
பார்ப்பதற்கு நல்ல இடம் என்று
ஆட்டம் முழுக்க.

தென்னீர்க்கில் எடுத்துச் சுரண்டினேன்.
கொஞ்சம் வந்தது.

ஒன்பது மணிக்கு போன்.
"சனிக்கிழமை வாழைச்சேனை. வருவீங்கதானே?
காசு முந்தின மாதிரித்தான், பிந்தும்."
வருவேன் என்றேன்.
அடுத்த நாள் கடை பூட்டினபிறகு
சந்தையில் இரண்டு கிலோ சுண்ணாம்பு வாங்கினேன்.
"பில் போடவா?" என்று கேட்டான் பொடியன்.
வேண்டாம் என்றேன்.